கருவியும் ஓர் இடுபொருள்தான்

உரத்தைக் கடையில் வாங்காதே, பூச்சிமருந்தைக் கடையில் வாங்காதே என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் நம்ம வீட்டிலேயே தயாராகுது. ஆனால் களைக்கருவியில் ஒரு போல்ட் உடைந்தால் டீலரைத் தேடி ஓடுகிறோம். கருவியும் இடுபொருள்தானே? அதைப் பிரிக்கவும் மாற்றவும் நமக்குத் தெரிந்தால்தான் விவசாயம் முழுசாக நம் கைக்கு வரும்.

எங்க ஆரணிக்கு இது புதுசு இல்லை. பட்டுத் தறியில் ஒரு கட்டை தேய்ந்தால் நெசவாளர் கம்பெனிக்கு போன் போடுவதில்லை. உள்ளூர்த் தச்சரே செய்து கொடுப்பார். ஓட்டை போட்ட அட்டையால் பூவேலை நெய்யும் ஜக்கார்டு, 1800களின் தொடக்கத்தில் பிரான்சில் பிறந்தது. அதையும் பிரித்து மாட்டுகிறவர்கள் இங்கே உண்டு. நெல் வயலில் மட்டும் அந்தத் துணிச்சல் ஏன் வரவில்லை?

என் நிலத்தில் களை எடுக்க வரும் பெண்களுக்குக் கோனோவீடரின் கைப்பிடி எட்டாத உயரம். ஊர்ப் பட்டறையில் அறுத்து, இறக்கி, வெல்டு வைத்தோம். ஒரு மணி நேர வேலை. தோள் வலி குறைஞ்சிருக்கு என்கிறார்கள்.

தெலங்கானாவில் ஆலேர் பக்கத்து நெசவாளர் சிந்தகிந்தி மல்லேசம். ஒரு சேலைக்கான நூலை ஆணிகளில் சுற்ற அவருடைய அம்மா சுமார் 9,000 தடவை கையை வீச வேண்டியிருந்தது. அந்தத் தோள் வலியைப் பார்த்து 1992ல் தொடங்கியவர், 1999ல்தான் இயந்திரத்தை முடித்தார். 2017ல் பத்மஸ்ரீ வந்தது. சரி, அந்த ஏழு வருஷத்துக்கு யார் கடன் கொடுப்பார்?

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கருவிக் கடன் என்றால் கொட்டேஷன் கேட்பார்கள், பில் கேட்பார்கள். பட்டறைப் பையன் செய்த கருவிக்கு இரண்டும் கிடையாது. வழியே இல்லை என்பதும் சரியில்லை. தேசிய புத்தாக்க நிறுவனம் 2003ல் சிட்பி ஆதரவோடு ஒரு நிதி தொடங்கி, ஈடு கேட்காமல், ஒற்றைக் கையெழுத்தை நம்பி, கண்டுபிடிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்தது. அங்கே முடிந்தது நம்ம கூட்டுறவுச் சங்கத்தில் ஏன் முடியாது? இயக்கம் இதைக் கோரிக்கையாகவே வைக்க வேண்டும்.

எல்லாத்தையும் நாமே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. மும்முனை மின்சாரத்தில் தெரிந்தவர்தான் கை வைக்கணும். மண்வெட்டி, களைக்கருவி, விதைப்பான், சொட்டுநீர் வடிகட்டி இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு விதையோடு உங்க கருவியையும் கொண்டு வாங்க. ஊர்ப் பட்டறைக்காரரையும் அழைச்சிட்டு வாங்க. இரும்பின் கனம், கைப்பிடி நீளம், ஆன செலவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி இதழுக்கு அனுப்புங்க. விதையைப் பூட்டி வைக்கக் கூடாது என்கிற நாம், கருவியின் அளவையும் பூட்டி வைக்கக் கூடாது.