பாடசாலைக் கதவு திறந்தாற் போதுமா?

1945ஆம் ஆண்டிலே இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. ஏழைக் கமக்காரனின் பிள்ளையும் சட்டத்தரணியின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரலாம் என்பதே அதன் பொருள். அவ்வாங்கில் இன்றும் உரிய இடம் பெறாத பிள்ளைகள் உளர். ஓட்டிசம் உடைய பிள்ளைகள் அவர்களுட் சிலர்.

இவர்கள் தொகை சிறிதெனத் தள்ளிவிட இயலாது. இலங்கையின் ஓர் அரைநகர்ப்புறப் பகுதியில் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. ஒரு பகுதியின் கணக்கை நாடு முழுமைக்கும் ஏற்றுதல் முறையன்று. எனினும் இது அரிதான நிலையன்று என்பதற்கு அது போதிய சான்றாகும்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கல்வி நிலையங்களில் அவர்களைச் சேர்ப்பதிற் பாகுபாடு காட்டலாகாது என விதிக்கின்றது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா மட்டங்களிலும் பணிபுரிவோரைப் பயிற்றுமாறு அரசைக் கட்டுப்படுத்துகின்றது. முன்னையது கதவைத் திறக்கின்றது. பின்னையது உள்ளே தக்க ஆசிரியரை நிறுத்தச் சொல்கின்றது. பிள்ளையைச் சேர்க்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆயின் எந்தக் கட்டளையும் ஓர் ஆசிரியரை ஒரே நாளில் உருவாக்கமாட்டாது.

ஓட்டிசம் உடைய ஒரு மாணவனின் வழக்கிலே, பெயரளவான முன்னேற்றம் போதாது, அவன் நிலைக்குத் தக்க முன்னேற்றம் அடையுமாறு கல்வித்திட்டம் அமைதல் வேண்டும் என 2017இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. அத்தீர்ப்பு எம்மைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் எமக்கும் பொருந்தும்.

அம்முன்னேற்றத்தை உண்டாக்க ஆசிரியர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும்? "உனக்குத் தண்ணி வேணுமோ?" எனத் தாய் கேட்பாள். பிறகு தாகம் எடுக்கும்போது பிள்ளை அதே கேள்வியைத் திருப்பிச் சொல்லி நிற்கும். அறியாதவர் அதனைக் கேலி என்பர். பயின்றவர் அதுவே வேண்டுகோள் என்பதை அறிவர். காலைக் கூட்டத்தின் ஒலிபெருக்கி தாங்காது ஒரு பிள்ளை காதைப் பொத்தும். பாடநேரம் திடீரென மாறினால் இன்னொன்று கலங்கும். அன்றைய ஒழுங்கைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டினால் அதே பிள்ளை அமைதியடையக்கூடும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாதலின், இருநாட் கருத்தரங்கில் இக்கலை கைவராது.

மொழி இங்கே உயிர்நிலை. எமது வீட்டுத் தமிழ் வேறு. பாடநூற் தமிழ் வேறு. சொல்லை நேர்ப்பொருளிலேயே கொள்ளும் பிள்ளைக்கு இவ்விரண்டும் இரு மொழிகளாகத் தோன்றலாம். 'நான்' என்பது 'நீ' ஆகும்போது தமிழில் வினைமுற்றும் மாறும். ஆங்கிலத்துக்கென அமைத்த பயிற்சியை மொழிபெயர்த்து வைத்தால் இச்சிக்கல் தீராது. தமிழிலே ஆராய்ந்து தமிழிலே கற்பிக்கும் உயர்கல்வி வேண்டும்.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் ஆகியவற்றிடமும் அரசிடமும் நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று, ஓட்டிசக் கல்வியைச் சிறப்புத் துறையாகக் கொண்ட பட்டப்பின் டிப்ளோமாவும் முதுமாணிப் படிப்பும் தமிழ்மொழி மூலம் இடையறாது நடைபெறல். இரண்டு, ஏட்டுக் கல்வியோடு, அனுபவமுள்ளோர் மேற்பார்வையில் வகுப்பறைப் பயிற்சி. மூன்று, பயில்வோருக்குச் சம்பளத்துடன் விடுமுறையும், பயின்றபின் அதே துறையில் நிலையான நியமனமும்.

செலவு அதிகம் எனச் சிலர் சொல்வர். அச்செலவு இப்பொழுதும் நடைபெற்றுக்கொண்டுதான் இருக்கின்றது. ஆசிரியர் இல்லாத ஊரில் வேலையை விட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் தாய் அதனைச் செலுத்துகின்றாள். வசதி படைத்தவர் கட்டணம் கொடுத்துத் தனியார் நிலையத்தை நாடுவர். வன்னிக் கமக்காரன் எங்கே போவான்?

படித்தோரும் உழுவோரும் ஒன்றுகூடி எழுப்பவேண்டிய கோரிக்கை இது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். பாராளுமன்ற உறுப்பினரிடம் வாக்காளர் கேட்கட்டும். தமிழிற் கற்கும் உரிமைக்காகப் பேசிய சமுதாயம், தன் தேவையைத் தானே சொல்ல இயலாத தமிழ்ப் பிள்ளைக்காகவும் பேசக் கடமைப்பட்டுள்ளது.