ஊரும் கேரியும்: வசையாகிப்போன வாழிடங்கள்

ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம் என்பதை நகரவாசிகளில் பெரும்பாலோர் இன்று அறிந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சமூகத்தார் குடியிருக்கும் இடத்தின் பெயரை எடுத்து, எவரையும் குறிப்பாகச் சுட்டாமல், மட்டமான நடத்தைக்கு அடைமொழியாக்குவதும் அதே இழிவின் இன்னொரு வடிவம்தான் என்று ஒப்புக்கொள்வதற்கு அவர்களிடம் தயக்கம் இருக்கிறது. பெங்களூரில் 2023 ஆகஸ்டில் எழுந்த சர்ச்சை அந்தத் தயக்கத்தை நன்றாகவே வெளிப்படுத்தியது. பிரஜாகீய என்னும் அரசியல் இயக்கத்தைத் தொடங்கிய கன்னட நடிகர் உபேந்திரா, அதன் ஆண்டு நிறைவையொட்டிச் சமூக ஊடக நேரலையில் பேசுகையில், விமர்சகர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை உணர்த்த, ஊர் என்று இருந்தால் ஹொலகேரியும் இருக்கத்தான் செய்யும் என்ற பொருளுடைய பழமொழியைக் கையாண்டார். ஹொலகேரி என்பது கர்நாடகத்தின் பட்டியல் சாதிகளுள் ஒன்றான ஹொலெயரின் குடியிருப்பு. எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டார். எனினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று, அதன் மேல்நடவடிக்கைக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இத்தகைய தருணங்களில் முதலில் வரும் சமாதானம், அது வெறும் பழமொழிதானே, யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லையே என்பது. நோக்கம் இல்லாதிருக்கலாம், ஆனால் பழமொழி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்பதில்லை. எந்த நல்ல இடத்திலும் சகித்துத் தீரவேண்டிய அழுக்கு ஒன்று இருக்கும் என்பதே அது சொல்ல வரும் கருத்து. அந்த அழுக்கின் இடத்தில் மனிதர்கள் வாழும் தெரு வைக்கப்பட்டிருக்கிறது, அப்படி வைத்ததைக் கேட்பவர் கேள்வியின்றி ஏற்றால்தான் பேச்சு புரியும். அதாவது, பேசுபவர் தனிப்பட்ட முறையில் எவரையும் வெறுக்காவிட்டாலும், ஊரார் நெடுங்காலமாக வெறுத்து வந்ததைக் கைமுதலாகக் கொண்டே அவர் பேசுகிறார்.

தமிழர்கள் இதைக் கன்னடத்தின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. கன்னடத்தின் கேரியும் தமிழின் சேரியும் ஒரே வேரின் இரு வடிவங்கள். பழமொழியும் ஏறக்குறைய அதே உருவில் தமிழிலும் வழங்குகிறது. 2017இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடிகை காயத்ரி ரகுராம் சக போட்டியாளர் ஒருவரின் நடத்தையைச் சேரியோடு இணைத்துப் பேசியதும், 2023 நவம்பரில் நடிகை குஷ்பு சமூக ஊடகப் பதிவில் சேரி மொழி என்று எழுதியதும் கண்டனத்துக்கு உள்ளாயின. பின்னவர், பிரெஞ்சு மொழியில் அன்புக்குரியவர் என்னும் பொருளிலேயே அச்சொல்லைப் பயன்படுத்தியதாக விளக்கமளித்தார். அதை நம்பினவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

அகராதியை மட்டும் பார்த்தால் சேரி குற்றமற்ற சொல். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின்படி, பிராமணர்களின் சபைக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஊரே பன்னிரண்டு சேரிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. வேளச்சேரி என்று முகவரி எழுத இன்றும் எவரும் கூசுவதில்லை. ஆனால் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. காலப்போக்கில் மற்ற குடியிருப்புகள் தெருவென்றும் ஊரென்றும் பெயர் பெற, ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் இடத்துக்கு மட்டுமே சேரி என்னும் பொதுப்பெயர் எஞ்சிற்று. சொல்லைக் கெடுத்தது அந்த ஒதுக்கம்.

ஒதுக்கம் அப்படியே இருக்கப் பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் காலனி என்ற சொல்லே சான்று. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புகளுக்குச் சேரியைத் தவிர்த்து அந்த ஆங்கிலச் சொல் சூட்டப்பட்டது. ஓரிரு தலைமுறைக்குள் 'காலனிக்காரன்' என்பதும் ஏச்சாயிற்று. காலனி என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரிலோ ரயில்வே காலனி, ஆபீசர்ஸ் காலனி என்பவை கௌரவமான முகவரிகள். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு இங்கே அந்தச் சொல் சுடுவதில்லை. அரசின் அறிவிப்பு வேண்டியதே. ஆனால் தனிக் குடியிருப்பும் தனிச் சுடுகாடும் நீடிக்கும்வரை அடுத்து வரும் பெயரும் கறைபடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். 1997இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம், நூறு வீடுகளில் நாற்பதைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கி எல்லோரையும் அடுத்தடுத்துக் குடியமர்த்த முயன்றதால், பெயரைவிட ஆழமான இடத்தில் கைவைத்தது.

சட்டத்தின் எல்லை குறுகியது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தண்டிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், சாதிப் பெயரோடு 'பயல்' சேர்த்து ஏசியதைக் குற்றமென உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், நவீன காலத்தில் எவருடைய மனமும் புண்படக் கூடாது என்ற கருத்தையும் 2011இல் பதிவுசெய்தது. ஆனால் எவரையும் நோக்காமல் பேச்சுவாக்கில் விழும் 'சேரித்தனம்' இந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. அதைத் திருத்தும் பொறுப்பு வீட்டுக்கும் பள்ளிக்கும் பத்திரிகைக்குமே வந்து சேர்கிறது.

பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி போன்ற பகுதியில் இந்தப் பொறுப்பு தனி அழுத்தம் பெறுகிறது. 1809இல் உருவான படைமுகாமாகிய தண்டுப் பகுதிக்குச் சிப்பாய்களாகவும் கட்டடத் தொழிலாளராகவும் வீட்டுப் பணியாளராகவும் வந்த தமிழர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் கணிசமானோர். அவர்களின் வழித்தோன்றல்கள் அண்டை வட்டாரங்களெங்கும் பரவியிருக்கிறார்கள். தமிழரை இழித்துரைக்கும் 'கொங்க' என்ற சொல் இந்த நகரத்தில் எவ்வளவு சாதாரணமாக வீசப்படுகிறது என்பதும், 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்துக்குப் பிறகு அது எவ்வளவு அச்சத்தோடு கேட்கப்பட்டது என்பதும் இவர்களுக்கு விளக்க வேண்டாதவை. சொன்னவர் விளையாட்டாகச் சொன்னேன் என்றால் அதை இவர்கள் ஏற்பதில்லை, ஏற்கவும் தேவையில்லை. அதே வீடுகளில், பிள்ளை கெட்ட வார்த்தை பேசினால், 'சேரிப் பசங்க மாதிரி பேசாதே' என்று அதட்டும் வழக்கமும் உண்டு. பேச்சு கொச்சையாக இருக்கிறது, கேட்கக் கூசுகிறது, பெரியவரிடம் இப்படிப் பேசலாமா என்று கண்டிக்கத் தமிழில் எத்தனையோ வழிகள் இருக்க, அந்த அதட்டல் மட்டும் ஒரு தெருவின் மனிதர்களைச் சாட்சிக்கு இழுக்கிறது. அந்தத் தெருவிலிருந்து வரும் வகுப்புத் தோழனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் பிள்ளை அங்கேயே தெரிந்துகொள்கிறது.