37 எம்.பிக்கு மவுசு இல்லை... 16 எம்.பிக்கு அடித்தது யோகம்! டெல்லியின் ஆதரவுக் கடித கணக்கு

2014 நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக தனியாக நின்று 37 தொகுதிகளை அள்ளியது. மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சி. ஆனால் ஆட்சி அமைக்க அந்த 37 பேரின் தயவு யாருக்கும் தேவைப்படவில்லை. பாஜகவுக்கு தனியாகவே 282 கிடைத்துவிட்டது. ஜெயித்தும் மவுசு இல்லை!

பத்து வருஷம் கழித்து, 2024 ஜூன் 4ம் தேதி வந்த முடிவு வேற மாதிரி. பாஜக 240ல் நின்றுவிட்டது. ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசத்துக்கு வெறும் 16 இடம்தான். பீகாரில் நிதிஷ் குமாருக்கு 12. ஆனால் அன்று சாயங்காலத்தில் இருந்து டெல்லியில் இந்த இரண்டு பேரின் பெயர்தான் அடிபட்டது. மறுநாளே மோடி வீட்டில் நடந்த கூட்டணிக் கூட்டத்தில் இருவரும் ஆஜர். 9ம் தேதி பதவியேற்பும் முடிந்துவிட்டது.

37 பேருக்கு இல்லாத யோகம் 16 பேருக்கு வந்தது எப்படி? கணக்கு ரொம்ப சுலபம். மக்களவையில் மொத்தம் 543 இடம். ஆட்சிக்கு 272 வேண்டும். பெரிய கட்சிக்கு எத்தனை குறைகிறதோ அந்தப் பள்ளத்தை யார் நிரப்புகிறாரோ, அவர்தான் ராஜா. பள்ளமே இல்லையென்றால் 37 என்ன, 60 இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. யாருக்கும் மெஜாரிட்டி இல்லாதபோது யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் விளக்கமாக எதுவும் இல்லை. பிரதமரை ஜனாதிபதி நியமிப்பார், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு ஜனாதிபதியும் ஒவ்வொரு வழி பார்த்தார்கள்.

13 நாள் ஆட்சி

1996ல் பாஜகவுக்கு 161, காங்கிரசுக்கு 140. தனிப்பெரும் கட்சி என்ற முறையில் வாஜ்பாயை அழைத்தார் ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மா. ஆதரவுக் கடிதம் எங்கே என்று கேட்கவில்லை. மே 16ம் தேதி பதவியேற்ற வாஜ்பாய், 272க்கு ஆள் கிடைக்காமல் 13வது நாள் ராஜினாமா செய்தார்.

ஜூன் 1ம் தேதி தேவகவுடா வந்தார். அவருடைய ஜனதா தளத்துக்கு இருந்ததோ 46 பேர்தான். அந்த ஐக்கிய முன்னணிக்கு தமிழகம் கொடுத்தது மூப்பனாரின் தமாகா 20, திமுக 17, இந்திய கம்யூனிஸ்ட் 2 என மொத்தம் 39. ப.சிதம்பரம் நிதி அமைச்சர், முரசொலி மாறன் தொழில் அமைச்சர். ஆனால் குடுமி இருந்தது வெளியில் இருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ் கையில். 10 மாதத்தில் கடிதத்தைத் திரும்ப வாங்கியது. அடுத்து வந்த குஜ்ரால் ஆட்சியையும் அதே 1997 நவம்பரில் கவிழ்த்தது.

போயஸ் தோட்டத்தை பார்த்த டெல்லி

இதையெல்லாம் பார்த்த அடுத்த ஜனாதிபதி கே.ஆர்.நாராயணன், 1998ல் உஷாராகிவிட்டார். பாஜகவுக்கு 182. தனிப்பெரும் கட்சிதான். ஆனாலும் 'கடிதத்தோடு வாங்க' என்ற கதையாகிவிட்டது.

அப்போது தமிழகத்தில் அதிமுக கூட்டணிக்கு 30 இடம். அதில் அதிமுக மட்டும் 18. தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணிதான். இருந்தும் ஜெயலலிதாவின் கடிதம் வரவில்லை. வாஜ்பாய் காத்திருந்தார். மொத்த டெல்லியும் போயஸ் தோட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. இழுபறிக்குப் பிறகு கடிதம் போய்ச் சேர்ந்து மார்ச் 19ம் தேதி பதவியேற்பு நடந்தது. அப்போது 12 எம்.பிக்கள் வைத்திருந்த நாயுடு, முதலில் நடுநிலை என்றார். அப்புறம் ஆதரவு என்றார். சபாநாயகர் நாற்காலி அவர் கட்சியின் பாலயோகிக்குப் போனது. ஆந்திராக்காரர் கணக்கில் புலி என்று அப்போதே தெரிந்துபோனது.

ஜெயலலிதாவுக்கு என்ன கிடைத்தது? தம்பிதுரை சட்ட அமைச்சர் ஆனார். ஆனால் அவர் விடாமல் கேட்டது கருணாநிதி ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பதை. வாஜ்பாய் அதை மட்டும் செய்யவில்லை. 13 மாதம் ஓடியது. 1999 ஏப்ரல் 14ம் தேதி அதிமுக ஆதரவு வாபஸ். 17ம் தேதி ஓட்டெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி காலி! ஒரிசா முதல்வராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்த கிரிதர் கமாங் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டது தனிக் கூத்து.

கவிழ்த்தவர்களாலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. 272 பேர் இருக்கிறார்கள் என்று சோனியா சொன்னார். முலாயம் சிங் கை விரித்துவிட்டார். மறுபடியும் தேர்தல். அதிமுக இருந்த இடத்தில் திமுக போய் உட்கார்ந்தது. கலைக்கச் சொன்ன ஆட்சியை நடத்திய கட்சியே டெல்லி மந்திரிசபைக்குள் போய்விட்டது. 18 பேரின் கடிதத்தை வைத்து ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டார்கள். அதுவும் ஜனங்களுக்கான காரியம் இல்லை.

2004: அதே 16!

திமுகவுக்கு 2004ல் கிடைத்ததும் அதே 16தான். காங்கிரசுக்கு 145, பாஜகவுக்கு 138. தமிழகத்தில் 39, புதுவை 1 என நாற்பதையும் அள்ளியது திமுக அணி. 16 பேரில் 7 பேர் அமைச்சர்கள்! அதோடு விடவில்லை. மே 22ம் தேதி பதவிப்பிரமாணம் எடுத்த பிறகும், ஒப்புக்கொண்ட இலாகா வரவில்லை என்று சொல்லி சில நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை திமுக அமைச்சர்கள். கடைசியில் சந்திரசேகர ராவ் தனக்குக் கொடுத்த கப்பல் துறையை விட்டுக்கொடுக்க, அது டி.ஆர்.பாலு கைக்கு வந்தது.

கறாராகப் பேசி வாங்கிய அந்த இலாகாவால் என்ன ஆனது? 2005 ஜூலையில் மதுரையில் சேது சமுத்திரத் திட்டத்தை மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். மதிப்பு 2,427 கோடி ரூபாய். 2007ல் ராமர் பாலம் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தோண்டின வரைக்கும் தோண்டினதுதான். தயாநிதி மாறன் கையில் இருந்த தொலைத்தொடர்புத் துறையில் 2006 மார்ச்சில் ஒரு ரூபாய்க்கு இந்தியா முழுக்க பேசலாம் என்று வந்தது. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இலாகா பேரத்தைவிட பெரிய சமாச்சாரம் வேறொரு பக்கம் நடந்தது. அப்போது இடதுசாரிகளுக்கு சுமார் 60 எம்.பிக்கள். திமுகவைப் போல நாலு மடங்கு. அவர்கள் ஒரு மந்திரி பதவியும் கேட்கவில்லை. சபாநாயகர் நாற்காலி மட்டும் சோம்நாத் சாட்டர்ஜிக்கு. வெளியில் இருந்து ஆதரவு. அதற்குப் பதிலாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மே 27ம் தேதி குறைந்தபட்ச பொது செயல்திட்டம் வெளியானது. எல்லோரும் படிக்கும்படி பகிரங்கமாக! தமிழுக்கு செம்மொழி அந்தஸ்து அதில்தான் இருந்தது. அதே வருஷம் அக்டோபரில் வந்தும்விட்டது.

அதே காகிதத்தில் இருந்த இன்னொரு வரி, கிராமக் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு 100 நாள் வேலை. முதலில் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்று மசோதாவைச் சுருக்கப் பார்த்தார்கள். இடதுசாரிகள் உட்பட பலரும் மல்லுக்கட்டிய பிறகு கிராமத்தில் கேட்கிற எல்லா குடும்பத்துக்கும் என்று மாறியது. 2005ல் சட்டம். 2006 பிப்ரவரியில் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்தில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், சிவகங்கை, திண்டுக்கல் என 6 மாவட்டங்கள். நம்ம ஊர் பெண்கள் 'ஏரி வேலை' என்று சொல்லி மண்வெட்டியும் கூடையுமாகப் போனது இந்த வரியால்தான். எந்த அமைச்சர் எந்த இலாகா வாங்கினார் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

லேட்டானால் செல்லாது

2009ல் காங்கிரசுக்கு 206. பள்ளம் சின்னதாகிவிட்டது. திமுகவுக்கு 18 இருந்தும் பழைய கெத்து செல்லவில்லை. இலாகா தகராறில் முதல் நாள் பதவியேற்பில் திமுக சேரவில்லை. ஆறு நாள் கழித்துத்தான் சேர்ந்தார்கள். 2013 மார்ச்சில் இலங்கைப் பிரச்சனைக்காக அதே 18 பேரின் ஆதரவையும் திமுக வாபஸ் வாங்கியது. ஆட்சி அசையக்கூட இல்லை. முலாயமும் மாயாவதியும் வெளியில் இருந்து முட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1999ல் 18 பேர் போனதும் ஆட்சி விழுந்தது. 2013ல் 18 பேர் போயும் விழவில்லை. பள்ளத்தை மூட வேறு ஆள் கிடைத்தால் கடிதம் வெறும் காகிதம்!

இப்போது 2024க்கு வருவோம். திமுகவுக்கு 22 எம்.பிக்கள். தமிழகம், புதுவை இரண்டும் சேர்த்து 40ம் எதிரணிக்கு. நாயுடுவைவிட 6 பேர் கூடத்தான். ஆனால் உட்கார்ந்திருப்பது எதிர்வரிசையில். ஜூலை 23ம் தேதி பட்ஜெட் வந்தது. ஆந்திராவின் அமராவதி தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு, பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி. தமிழகத்துக்கு எதுவும் இல்லை என்று கோபப்பட்ட அப்போதைய முதல்வர் ஸ்டாலின், நிதி ஆயோக் கூட்டத்துக்கே போகவில்லை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வர அக்டோபர் ஆகிவிட்டது.

அதற்காக ஆந்திரா ஜனங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நாயுடு பல வருஷமாகக் கேட்ட சிறப்பு அந்தஸ்து வரவில்லை. அதற்காகத்தான் 2018ல் அவர் பாஜக கூட்டணியை விட்டே வெளியே போனார். நிதிஷுக்கும் அது கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2004ல் வந்த மாதிரி ஒரு பொது செயல்திட்டம் 2024ல் வரவே இல்லை. நாயுடு என்ன கேட்டார், மோடி எதற்கு சரி என்றார் என்பதை பட்ஜெட்டைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

2025 டிசம்பரில் அந்த 100 நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக புதிய சட்டத்தை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. நாள் கணக்கு 125 ஆகக் கூடியது. ஆனால் செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாநிலங்களின் தலையில். தமிழகம், ஆந்திரா, பீகார் மூன்றுக்கும் இதே கதைதான். ஆட்சிக்குத் தோள் கொடுக்கும் கட்சிகளில் ஒன்றுகூட இதற்காக கடிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை.