கணினி தேடிய மருந்தும் காப்புரிமையும்

ஹாலிசின் என்ற மூலக்கூறு முதலில் சர்க்கரை நோய்க்கான மருந்தாக ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2,300 வேதிப்பொருட்களைச் சோதித்து, அவற்றில் எவை ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பதைக் கணினிக்குக் கற்பித்தார்கள். பிறகு சுமார் 6,000 சேர்மங்களை அதன் முன் வைத்தார்கள். அது பொறுக்கியெடுத்தது இந்தப் பழைய மூலக்கூறை. பல மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் தொற்றை எலிகளில் ஹாலிசின் குணப்படுத்தியது. 2020இல் இம்முடிவுகள் வெளிவந்தன.

இத்தகைய மருந்தைக் கண்டுபிடித்தது மனிதரா, கணினியா? பரவலாகப் பேசப்படும் கேள்வி இதுவே. ஸ்டீபன் தேலர் என்பவர் டாபஸ் என்ற தம் கணினி அமைப்பையே கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிட்டுப் பல நாடுகளில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கண்டுபிடிப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இலும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023இலும் கூறிவிட்டன. மருந்துத் துறையில் இது பெரிய தடையல்ல. நோயைத் தேர்ந்தவர்கள், தரவைத் திரட்டியவர்கள், மூலக்கூறைச் செய்து சோதித்தவர்கள் என மனிதர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறு. ஒரு துறையில் தேர்ச்சி பெற்றவர் எளிதில் எட்டிவிடக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாது. அந்தத் தேர்ச்சியாளரின் மேசையிலும் இதே மென்பொருள் இருந்தால், எது எளிது, எது அரிது? இந்த அளவுகோல் உயர்ந்தாக வேண்டும். ஆய்வகத்தில் எதையும் செய்து பார்க்காமல், கணினி வரைந்த ஆயிரக்கணக்கான வாய்பாடுகளுக்கு மொத்தமாக வேலி போடவும் விடக் கூடாது. ஆம்ஜென், சனோஃபி என்ற மருந்து நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் இதற்கு வழி காட்டியது: எவ்வளவு உரிமை கோரப்படுகிறதோ, அவ்வளவையும் பிறர் செய்துகொள்ளும்படி விளக்கியிருக்க வேண்டும். அது நோய் எதிர்ப்பொருள்களைப் பற்றிய தீர்ப்பு. கணினி தரும் மூலக்கூறுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

இந்தியாவில் இன்னொரு அரணும் உண்டு. அறியப்பட்ட பொருளுக்குப் புதிய பயன் கண்டதையோ, குணமளிக்கும் திறன் கூடாத புதிய வடிவத்தையோ காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. நோவார்ட்டிஸ் நிறுவனம் தன் இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிபின் ஒரு படிக வடிவத்துக்காக 1998இல் விண்ணப்பித்தது சென்னை காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கே மறுக்கப்பட்ட அந்த விண்ணப்பத்தை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் இப்பிரிவின்படி நிராகரித்தது.

பழைய மருந்துக்குப் புதுப் பயன் காண்பதில் செயற்கை நுண்ணறிவு கைதேர்ந்தது. ஆகவே இப்பிரிவைத் தளர்த்தச் சொல்லும் குரல்கள் வலுக்கலாம். காப்புரிமை இல்லையென்றால் மனிதர்களிடம் சோதிக்கும் பெருஞ்செலவை யார் ஏற்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அந்தச் செலவுக்கு அரசு பணம் ஒதுக்கலாம். பழைய மருந்தின் மீது ஒரு நிறுவனத்துக்குப் புதிதாக 20 ஆண்டு ஏகபோகம் தர வேண்டியதில்லை. 3(டி) பிரிவில் நாடாளுமன்றம் கை வைக்கக் கூடாது.