காசநோய்க்கு இரும்பு டானிக் ஊற்றுகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கீழே திட்டிவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. காசநோயாளிக்கு ரத்தம் குறைந்தால் இரும்பு டானிக் கொடுங்கள், எதிர்ப்புச் சக்தி ஏறும் என்று. ஏழு பேர் கைகூப்பி ஆமோதித்திருக்கிறீர்கள். இங்கே கரையான்சாவடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டாவது மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். ஹீமோகுளோபின் 8. மருந்துக் கடையில் சீட்டு கூடக் கேட்காமல் இரண்டு பாட்டில் டானிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வந்திருக்கும்.

ரத்தம் குறைந்தாலே இரும்பு பற்றாக்குறை என்று யார் சொன்னது? நம் கல்லீரல் ஹெப்சிடின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. 25 அமினோ அமிலங்கள்தான், பொடி சமாச்சாரம். 2000-ஐ ஒட்டித்தான் கண்டுபிடித்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சியில் படித்த புத்தகத்தில் கிடையாது. குடலிலிருந்தும், பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்கும் விழுங்கணுக்களிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வர ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே கதவுதான் உண்டு. ஹெப்சிடின் கூடினால் அந்தக் கதவு மூடும். தொற்று வந்தால் இன்டர்லூகின்-6 என்ற தகவல் கல்லீரலுக்குப் போகிறது, ஹெப்சிடின் ஏறுகிறது. கிருமிக்குக் கிடைக்கக்கூடாது என்று உடம்பே இரும்பைப் பதுக்குகிறது. ரேஷன் கடையில் சரக்கு இருக்கிறது, ஷட்டர்தான் இறங்கியிருக்கிறது. எலும்பு மஜ்ஜைக்குச் சரக்கு போகாமல் ரத்தம் குறைகிறது.

காசநோயில் இன்னொரு வில்லங்கம். கிருமி குடியிருப்பதே அந்த விழுங்கணுவுக்குள்தான். திருடனை உள்ளே வைத்தே கதவைப் பூட்டிய கதை. மைக்கோபாக்டின் என்ற பொருளைச் சுரந்து அங்கே இருக்கும் இரும்பை அது பிடுங்கிக்கொள்கிறது. இரும்பு மிகுந்த விழுங்கணுவுக்குக் கிருமியைக் கொல்லும் திறனும் மந்தமாகிறது. இந்த நிலையில் டானிக்கை ஊற்றினால் யாருக்குப் பரிமாறுகிறோம்?

இது புதுப் பயமும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ, காசநோயாளிக்கு இரும்பு கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். 1978-இல் வெளியான சோமாலியா ஆய்வில், இரும்பு மாத்திரை பெற்ற நாடோடி மக்களிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு தொற்றுகள் கிளம்பின. காசநோயும் அதில் ஒன்று.

இரும்பே விஷம் என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரும் மாத்திரையையும், கர்ப்பிணிகளுக்குத் தருவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இதைத் திரித்து இன்னொரு செய்தி கிளப்பிவிடாதீர்கள். காசநோயாளிக்கும் உண்மையான இரும்புக் குறைவு இருக்கலாம். ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் அளவே கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். மருத்துவரே யோசித்துச் சொல்ல வேண்டியதைக் கடைக்காரரும் சித்தப்பாவும் முடிவு செய்வதுதான் என் ஆத்திரம்.

ரத்தம் ஏற வழி அந்த மாத்திரையில்தான் இருக்கிறது. கிருமி குறைந்தால் அழற்சி தணியும், ஹெப்சிடின் இறங்கும், கதவு திறக்கும். பலருக்கு டானிக் இல்லாமலே ஹீமோகுளோபின் ஏறுகிறது. அதற்கு மாத்திரையை முழுசாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சாகப் போனால் ரத்தம் என்று பதறி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரிஃபாம்பிசின் நிறம்.

அப்புறம் சோறு. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் காசநோயாளிகளின் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவு இது: அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் 2 மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்தது. நம் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம்தான், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது. அந்த ஊரில் இருந்துகொண்டு பாட்டிலை நம்புகிறோம்!

நோயாளியின் வங்கிக் கணக்குக்குச் சத்துணவுக்கென்று அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500. அது பருப்புக்கும் முட்டைக்கும் நிலக்கடலைக்கும் உரிய பணம். அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டதா என்று நாளை அவள் மாமியாரிடம் கேட்கப் போகிறேன்.

செய்தியை அனுப்பியவர் இன்று ராத்திரிக்குள் குழுவிலிருந்து அதை நீக்கிவிடவும். பெயர் சொல்ல வைக்காதே கண்ணு.