பழைய பாலத்துக்கு வேலை கொடுங்கள்!

மாணவ நண்பர்களே, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சிற்பியின் விருப்பம் மட்டும் அதற்குக் காரணமன்று. கல்லின் குணமும் ஒரு காரணம். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையை எதிர்க்கும் வலிமையோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இரு தூண்களின்மேல் கிடத்திய கல் உத்தரம் சுமையால் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. உத்தரம் மிக நீண்டால் அடியில் விரிசல் கண்டு முறிந்துவிடும். ஆகவே தூண்களை நெருக்கி வைக்க வேண்டியதாயிற்று.

இனி, திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். தூண்களுக்கிடையே அகன்ற இடைவெளி, மேலே வளைவுகள். வளைவின் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கியபடி நிற்கின்றன. மேலே ஏறும் சுமை அவற்றை மேலும் இறுக்கி, இருபுறத் தாங்கிகள் வழியே தரைக்கு இறங்குகிறது. வளைவில் ஏறக்குறைய எங்கும் அமுக்கமே. எந்த வேலையைக் கல் நன்றாகச் செய்யுமோ அதை மட்டும் அதனிடம் வாங்குவதுதான் வளைவின் இரகசியம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தடித்த புத்தகங்களின்மேல் ஓர் அஞ்சலட்டையைப் பாலம்போல் வைத்து, நடுவில் காசுகளை அடுக்குங்கள். அட்டை தொய்ந்துவிடும். அதே அட்டையை வில்லாக வளைத்துப் புத்தகங்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். இப்போது அதிகக் காசுகளைத் தாங்கும். புத்தகங்களைச் சற்றே விலக்கினால் வளைவு சரிந்துவிடும். ஆகவே வளைவின் உயிர் அதன் தாங்கிகளிலும் அடித்தளத்திலும் இருக்கிறது.

இந்த முறையில் இரயிலையும் சுமக்கலாம். இங்கிலாந்தில் 1726-இல் கட்டி முடிக்கப்பட்ட கோஸி வளைவு ஒரே கல் வளைவாகச் சுமார் 32 மீட்டரைத் தாண்டுகிறது. நீராவி எஞ்சின் வண்டி இழுக்கத் தொடங்காத காலம் அது. மரத் தண்டவாளங்களின்மேல் குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துச் சென்றன. உலகில் இன்றும் நிற்கும் இரயில் பாலங்களில் மிகப் பழையது இதுவே. இப்போது அதன்மேல் மக்கள் நடந்து செல்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு சிறந்த சான்று உண்டு. மதுரையிலிருந்து விருதுநகர், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் செல்லும் பாதையில், கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் நிற்கிறது. பாலத்தின் வளைவுத் திறப்பைக் 'கண்' என்பது நம் வழக்கு. அந்த மலைப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. கருங்கல் பாலம் கேரள மண்ணில் இருந்தாலும், அந்தப் பாதை மதுரை இரயில்வே கோட்டத்தைச் சேர்ந்தது.

1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்ற, 2010-இல் அங்கே இரயில்கள் நிறுத்தப்பட்டன. பாலம் முன்னைவிடக் கனமான வண்டிகளைச் சுமக்க வேண்டும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். பொறியாளர்கள் அப்படிச் செய்யவில்லை. பாலத்தை வலுப்படுத்தினார்கள். 2018 முதல் அகலப் பாதை இரயில்கள் அதே வளைவுகளின்மேல் ஓடுகின்றன.

இதுவே சரியான வழி என்பது என் கருத்து. "பழைய பாலம் ஆபத்தல்லவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரும்புப் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025-இல் புதிய பாலம் வந்தது. பத்து ஆண்டு மூத்த கல் பாலம் இன்னும் உழைக்கிறது. பாம்பனில் கல் வளைவே கட்டியிருக்கலாமே என்றும் சொல்ல முடியாது. கப்பலுக்கு வழிவிட அது திறந்து மூட வேண்டியிருந்தது. உப்புக் காற்றோ இரும்பை அரிக்கும். ஒவ்வொரு பாலத்தையும் அதன் பொருள், இடம், வேலை ஆகியவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும். அடித்தளம் கெட்டுச் சீராக்க முடியாமல் போனால் இடிக்கத்தான் வேண்டும். அதை அளந்தறிந்து சொல்ல வேண்டும்.

பாலத்துக்கு வேலை இருக்க வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இரயில் ஓடும் பாலத்தைப் பொறியாளர்கள் தவறாமல் சோதிக்கிறார்கள். வேலையற்ற பாலத்தை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் அரசங்கன்று முளைக்கும். வேர் தடிக்கத் தடிக்கக் கற்கள் விலகும்.

மதுரையில் வைகையின்மேல் 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலமும் வளைவுகளால் ஆனதே. அது சாலைப் பாலம். ஆயினும் அறிவியல் ஒன்றுதான். அடுத்த முறை அப்பக்கம் சென்றால் கரையில் நின்று கவனியுங்கள். இணைப்புகளில் செடி முளைத்திருக்கிறதா? நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா? தூண்களின் அடியில் மண் அரித்திருக்கிறதா? கண்டதைத் தேதியுடன் குறித்து, ஆசிரியர் மூலம் உரிய அலுவலகத்துக்கு எழுதுங்கள். கன்றாக இருக்கும்போது கண்ணில் பட்டால் கையால் பிடுங்கிவிடலாம். மரமான பின் வளைவையே பிரிக்க வேண்டி வரும்.