சாணம் சொல்லும் செய்தி

கொக்கிளாய்க் களப்போரத்தில் எருமை வளர்ப்போர் அறிந்த துயரம் ஒன்றுண்டு. பிறந்து ஒரு மாதமே ஆன கன்று வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து, சேற்று நிறமாய்க் கழிந்து மெலியும். சில வேளை மாண்டும் போகும். 1984ஆம் ஆண்டில் ஊரையும் பட்டியையும் விட்டகன்று, போர் ஓய்ந்தபின் மீண்டு, ஓரிரு மாடுகளோடு வாழ்வைத் தொடங்கிய குடும்பத்துக்குக் கன்றொன்றின் இழப்புச் சிறிதன்று. இந்நோய்க்கு முக்கிய காரணங்களுள் ஒன்று கன்றின் குடலில் வாழும் வட்டப்புழு. அது இருக்கின்றதா என்பதைச் சாணமே சொல்லும்.

இளஞ்சூடான நீரில் கறியுப்பை, மேலும் கரையாத நிலை வரும்வரை இடுக. ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 400 கிராம் வேண்டும். ஆறியபின் தெளிந்த நீரை வடித்தெடுத்து, அதில் 50 மில்லிலீற்றருக்கு அன்றைய சாணம் 3 கிராம் கரைத்துத் தேநீர் வடியில் வடிகட்டுக. சிறு கண்ணாடிக் குழாயில் விளிம்பு ததும்ப நிரப்பி, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, 20 நிமிடம் அசையாது வைத்திடுக. உப்புநீர் முட்டைகளைவிடக் கனமானதால் அவை மிதந்து மூடியில் ஒட்டும். மூடியை நேரே தூக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில் நோக்குக. தடித்த ஓட்டுடன் ஏறக்குறைய உருண்டையாய்த் தோன்றுவது வட்டப்புழுவின் முட்டை. ஈரல் தட்டைப்புழுவின் முட்டையோ கனமானது. இம்முறையில் பெரும்பாலும் மிதவாது. அதனைத் தேடச் சாணத்தை வெறுநீரில் கரைத்து அடியிற் படியவிடல் வேண்டும்.

இங்கே நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இப்புழுவின் குடம்பிகள் தாய் எருமையின் உடலில் உறங்கிக் கிடந்து, ஈன்ற முதல் நாள்களிற் பால் வழியே கன்றைச் சேர்கின்றன. அவை வளர்ந்து முட்டையிட மூன்று வாரத்துக்குக் குறையாமற் செல்லும். ஆதலின் இரு வாரக் கன்றின் சாணத்தில் முட்டை இல்லாமை கன்று நலமாயிருப்பதற்குச் சான்றாகாது. கன்றுக்கு 10 முதல் 16 நாள் வயதுள் ஒருமுறை மருந்தூட்டுவதே ஏற்றதென இலங்கை எருமைகளை ஆராய்ந்து 1989இல் வெளியான கட்டுரை காட்டிற்று.

அங்ஙனமாயின் சோதனை எதற்கு? ஒன்றிரண்டு மாதக் கன்றுகளின் சாணத்தைப் பாருங்கள். முட்டை காணப்படின், அக்கன்றுகளுக்கு மருந்து வேண்டும். பட்டியிலுள்ள தாய்களிடம் குடம்பி உண்டென்பதும் தெளிவு. இனிப் பிறக்கும் கன்றுகளுக்குச் சாணத்தை எதிர்பாராது உரிய நாளில் மருந்தூட்டலாம். வளர்ந்த மாடுகளுக்கோ, பாராமல் அடிக்கடி மருந்து கொடுத்தல் காசை விரயமாக்கும். மருந்துக்கு மசியாத புழுக்களையும் பெருக்கும். பல நாடுகளில் ஆடு வளர்ப்போர் இதனை அனுபவித்து அறிந்துள்ளனர்.

செலவு மிக்கது நுணுக்குக்காட்டி ஒன்றே. அதனைப் பட்டிக்காரர் பலர் கூடி வாங்கலாம். மருந்தின் அளவைக் கன்றின் நிறையறிந்து மிருக வைத்தியர் சொல்லட்டும். கன்று பிறந்த நாளைக் குறித்து வைப்பது மட்டும் வீட்டார் கடமை. அந்த நாட்கணக்கிலேதான் கன்றின் உயிர் தங்கியிருக்கின்றது.